ரீமேக் என்னும் வழிநூல்

ஒரு மொழியில் ஓடிய படத்தின் கதையை உரிமை வாங்கி வேறு மொழியில் எடுப்பதும், அதே மொழியில் சில காலம் கழித்து மறுபடி எடுப்பதும் ரீமேக் எனப்படுகின்றன. பழைய படத்தின் பெயரையும் நாயகனையும் மட்டும் வைத்துக்கொண்டு கதையை முதலிலிருந்து தொடங்குவது ரீபூட். இரண்டின் மீதும் விழும் பழி ஒன்றே: சொந்தமாகக் கற்பனை செய்யத் தெரியாதவர்களின் வேலை இது என்பது.

திரைப்பட வரலாறு இந்தப் பழியை எளிதில் ஏற்காது. ஜான் ஹியூஸ்டனின் ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ 1941இல் வந்தது. டாஷியல் ஹாமெட்டின் அந்த நாவலை அதே வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் 1931இலும் 1936இலும் படமாக எடுத்து முடித்திருந்தது. பத்தே ஆண்டுகளில் மூன்றாவது தடவை எடுத்த படம்தான் துப்பறியும் படங்களுக்கெல்லாம் இலக்கணமாக நிலைத்தது. முதல் இரண்டையும் இன்று தேடிப் பார்ப்பவர்கள் குறைவு. தமிழில் ‘எங்க வீட்டுப் பிள்ளை’யை (1965) யாரும் இரவல் படமாக எண்ணுவதில்லை. ஆனால் அது முந்தைய ஆண்டு தெலுங்கில் வந்த ‘ராமுடு பீமுடு’. இரண்டையும் இயக்கிய தாப்பி சாணக்யா அதே கதையை 1967இல் ‘ராம் அவுர் ஷ்யாம்’ என்று இந்தியிலும் எடுத்தார். மூன்று மொழி, மூன்று நட்சத்திரங்கள், ஒரே இயக்குநர்.

இந்த விவகாரத்தைத் தமிழ் இலக்கணிகள் வெகு காலத்துக்கு முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்பது வியப்பான செய்தி. தொல்காப்பியத்தின் மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் என்று பிரிக்கிறது. முதல்நூல் என்பது வினையிலிருந்து நீங்கிய, தெளிந்த அறிவுடைய முனைவன் கண்டது. இந்த வரையறையை நேராக எடுத்துக்கொண்டால் முதல்நூல் செய்வது சாதாரண மனிதர்களுக்கு ஏறத்தாழ எட்டாத காரியம். மற்ற எல்லாரும் வழிநூல்காரர்களே. அதில் தாழ்வு எதுவும் இருப்பதாகத் தொல்காப்பியம் கருதவில்லை. வழிநூலை நான்கு வகையாக்கி, பரந்து கிடப்பதைத் தொகுப்பது, சுருங்கியிருப்பதை விரிப்பது, இரண்டையும் கலந்து செய்வது, மொழிபெயர்ப்பது என்று வரிசைப்படுத்துகிறது. ரீமேக் எடுக்கும் இயக்குநர் ஒருவர் தம் மேசையில் செய்யும் வேலை முழுவதும் இந்த நான்கில் அடங்கிவிடுகிறது.

பவணந்தியாரின் நன்னூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. முன்னோர் நூலின் முடிபை முழுமையாக ஒத்துக்கொண்டு, பின்னால் வந்தவன் தனக்கு வேண்டிய வேறுபாடுகளையும் சேர்த்துச் சொல்வதே வழிநூல் என்பது அதன் விளக்கம். வேறுபாடு செய்வது பின்னவனுக்குத் தரப்பட்ட உரிமை. உரிமை மட்டுமன்று, அந்த வேறுபாடு இருந்தால்தான் வழிநூல் என்ற பெயரே பொருந்தும். மூன்றாவதாகச் சார்புநூல் என்று ஒன்றையும் நன்னூல் சொல்கிறது. முன்னவற்றோடு ஒரு பக்கம் மட்டும் ஒத்து, மற்றபடி வேறாகி நிற்பது அது. இன்று ரீபூட் என்று அழைக்கப்படுவதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைப்பது அரிது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, கதை இரவலா என்பதன்று. பின்னவன் செய்த வேறுபாடு என்ன, அதைச் செய்ய அவன் எவ்வளவு யோசித்தான் என்பதே.

இதற்கு ‘மணிச்சித்திரத்தாழ்’ போல நல்ல சான்று வேறில்லை. மது முட்டம் எழுதி, ஃபாசில் இயக்கி, 1993இன் இறுதியில் வெளிவந்த மலையாளப் படம் அது. ஷோபனாவுக்கு அவ்வாண்டின் சிறந்த நடிகைக்கான தேசிய விருதை வாங்கித் தந்தது. பழைய தறவாட்டு வீட்டுக்கு வரும் கங்கா (ஷோபனா), பூட்டிக் கிடந்த தெற்குக் கட்டான தெக்கினியைத் திறக்கிறாள். அங்கே கொல்லப்பட்ட நாகவல்லி என்ற நடனக்காரியின் கதை அவளுக்குள் இறங்குகிறது. நாகவல்லி தஞ்சாவூர்க்காரி. அதனால் கங்காவுக்குள்ளிருந்து வரும் குரல் தமிழில் பேசுகிறது. கணவனிடம் மலையாளத்தில் பேசிக்கொண்டிருப்பவள் ஒரு நொடியில் கண் மாறி, தொண்டை மாறி, கட்டிலை ஒரு கையால் தூக்கிக்கொண்டு தமிழில் சீறும் காட்சியே அந்தப் படத்தின் உயிர். அந்தத் தமிழ்க் குரல் துர்கா என்ற டப்பிங் கலைஞருடையது. அது அவருடைய குரல் என்பதை ஃபாசில் வெளிப்படையாகச் சொல்லவே இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. நாகவல்லி ஆடும் பாட்டின் தமிழ் வரிகள் வாலி எழுதியவை.

மலையாள ரசிகருக்கு அந்தக் குரல் பாதி புரியும், பாதி அந்நியமாக இருக்கும். அச்சம் பிறப்பது அந்த இடைவெளியில்தான். இதில் சரித்திரத்தின் நியாயமும் உண்டு. நடன ஆசிரியர்களான தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அவையில் இருந்தவர். தஞ்சையின் ஆட்டமும் இசையும் திருவிதாங்கூருக்குப் போன பாதை உண்மையானது. படத்தின் பல காட்சிகள் எடுக்கப்பட்ட பத்மநாபபுரம் அரண்மனைகூட இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில்தான் இருக்கிறது.

இதைத் தமிழில் எடுக்க வருபவர் முதல் அடியிலேயே இடறுவார். தமிழ்ப் படத்தில் பேயும் தமிழ் பேசினால் அந்நியம் எங்கிருந்து வரும்? சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கதையின் நரம்பே அறுந்துபோகும். பி. வாசு இதை 2004இல் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ எடுக்கும்போதே தீர்த்துவிட்டார். அங்கே நாகவல்லி தெலுங்குக்காரி ஆனாள். 2005 சித்திரைப் புத்தாண்டுக்கு வந்த ‘சந்திரமுகி’யில் அவள் பெயரும் மாறியது. வேட்டையபுரம் அரண்மனைக்கு ஆந்திரத்திலிருந்து கொண்டுவரப்பட்டவள், ஜோதிகாவின் உடம்புக்குள்ளிருந்து தெலுங்கு பேசுகிறாள், ‘ரா ரா’ என்று தெலுங்கில் பாடி ஆடுகிறாள். கச்சேரிகளில் தியாகராஜரைக் கேட்டு வளர்ந்த தமிழ்க் காதுக்குத் தெலுங்கு அறிமுகமான அந்நியம். சதிர் ஆடியவர்கள் தெலுங்குப் பதங்களை ஆடிய மண் இது. இந்தத் தேர்வு பொருந்தாது என்று யாருக்கும் தோன்றவில்லை. மணிச்சித்திரத்தாழின் இரண்டாம் யூனிட் இயக்குநர்களில் ஒருவராக இருந்த பிரியதர்ஷன் 2007இல் இந்தியில் ‘பூல் புலையா’ எடுத்தபோது, வித்யா பாலனுக்குள் புகுந்த மஞ்சுலிகா வங்காளம் பேசினாள்.

ஒவ்வொரு மொழியும் தன் பேயைப் பக்கத்து வீட்டிலிருந்து அழைத்து வந்திருக்கிறது. நாலு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு இந்திய மொழிகள் ஒன்றையொன்று எப்படிக் கேட்டு வந்திருக்கின்றன என்பதே ஒரு வரைபடமாக விரியும். மூலப்படம் ஒன்று மட்டும் இருந்திருந்தால் இந்த வரைபடம் கிடைத்திருக்காது. அதைத் தந்தவை ரீமேக்குகள்.

வாசு செய்த இன்னொரு வேறுபாடு வேட்டையன். மலையாளத்தில் மோகன்லால் மனநல மருத்துவராக மட்டுமே வருகிறார், அதுவும் படம் தொடங்கி வெகு நேரம் கழித்து. தமிழில் ரஜினிகாந்த் சண்டையும் பாட்டுமாகத் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறார். மூலத்தில் மெல்ல மெல்லக் கூடிவந்த மர்மம் இதனால் நிச்சயமாக நீர்த்துப்போனது. ஆனால் கொடுங்கோல் மன்னன் வேட்டையனின் வேடத்தையும் அவரிடமே கொடுத்தது துணிச்சலான முடிவு. ‘லகலகலக’ என்ற அந்தச் சிரிப்பு மணிச்சித்திரத்தாழில் எங்கும் இல்லை, இருந்திருந்தால் அங்கே பொருந்தியும் இருக்காது. படம் சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களைத் தாண்டி ஓடியது. மூலத்தின் நுட்பம் தமிழில் குறைந்தது என்பதும், தமிழில் புதிதாக ஒன்று பிறந்தது என்பதும் இரண்டுமே உண்மை.

வேறுபாடே இல்லாமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதையும் ஒருவர் சோதித்துக் காட்டியிருக்கிறார். ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வை (1960) கஸ் வான் சான்ட் 1998இல் ஏறத்தாழ ஷாட்டுக்கு ஷாட் அப்படியே வண்ணத்தில் எடுத்தார். அதே வசனம், அதே பின்னணி இசை, அதே குளியலறை. திறமைக்கும் பணத்துக்கும் குறைவில்லை. படம் தோற்றது. பின்னவன் எந்த முடிவும் எடுக்காத இடத்தில் பார்ப்பவருக்கும் எதுவும் நேர்வதில்லை.

அதற்கு நேர் எதிர் முனையில் நிற்பது ‘த்ருஷ்யம்’. ஜீத்து ஜோசப் 2013இல் எடுத்த அந்த மலையாளப் படத்தில், குடும்பத்தைக் காக்கக் கொலையை மறைத்த தகப்பன் சட்டத்தின் கையில் சிக்காமலே போகிறான். தமிழில் ‘பாபநாச’மாக (2015) வந்தபோது ஜெயமோகனின் வசனத்தில் தென்கோடித் தமிழ் அந்தக் குடும்பத்தைப் புதிய மனிதர்களாக்கியது. 2019இல் சீன மொழியில் எடுத்தவர்கள் கதையைத் தாய்லாந்தில் வைத்து, கடைசியில் தகப்பனைத் தானாகவே போலீசில் சரணடைய வைத்தார்கள். கதை அதேதான். ஆனால் குற்றம், தண்டனை, தகப்பனின் கடமை ஆகியவற்றைப் பற்றி அது சொல்லும் சேதி தலைகீழாகிவிட்டது. நன்னூல் கேட்கும் முடிபு ஒற்றுமை இங்கே உடைந்துவிடுவதால், இதைச் சார்புநூலில் சேர்ப்பதே முறை.

தயாரிப்பாளர்கள் ரீமேக்கை நாடுவது பயத்தால்தான். ஓடிய கதை மறுபடியும் ஓடும் என்பது கணக்கு. ஓடிடியும் டப்பிங்கும் மூலப்படத்தையே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்ட பிறகு அந்தக் கணக்கு ஆட்டம் காண்கிறது. ஆனாலும் ‘த்ருஷ்யம் 2’ 2021இல் ஓடிடியில் வந்து பலரும் பார்த்துவிட்ட பிறகு, 2022இல் இந்தியில் எடுக்கப்பட்டுத் தியேட்டர்களில் பெரிய வெற்றி பெற்றது. கதை தெரிந்திருப்பது படத்துக்குத் தடையில்லை. இராமன் வெல்வான் என்று தெரிந்தே தெருக்கூத்துக்கு விடியவிடிய உட்கார்ந்த சமூகம் இது.

கண்டிக்க வேண்டிய குற்றம் ஒன்று உண்டு. அது மூலத்தை மறைப்பது. குரோசவாவின் ‘யோஜிம்போ’ (1961) கதையை செர்ஜியோ லியோனே 1964இல் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ என்று எடுத்தார், உரிமை வாங்காமல். லியோனேயின் படம் மேதைமை நிறைந்தது. தூசி, நீண்ட மௌனம், முகத்தை முட்டும் குளோசப் எல்லாம் அவருடைய சொந்தச் சொத்து. அப்படியிருந்தும் வழக்கு வந்தது, வருமானத்தில் ஒரு பங்கு ஜப்பானுக்குப் போனது. அவ்வளவு சொந்தச் சரக்கு உள்ளவர் கடனை ஒப்புக்கொள்ளத் தயங்கியிருக்கத் தேவையில்லை. நம்மூரில் வழக்குவரை போகாமலே பழகிப்போன இரவல்கள் ஏராளம். வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து எழுதிவிட்டு ‘கதை’ என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டுக்கொள்வது இன்றும் நிற்கவில்லை.

இதற்கும் நன்னூலில் வழி இருக்கிறது. சிறப்புப் பாயிரத்தில் சொல்ல வேண்டிய எட்டில் முதலாவது ஆக்கியவன் பெயர். இரண்டாவது, நூல் எதன் வழியாக வந்தது என்பது. நூலின் பெயர்கூட அதற்குப் பிறகுதான். திரைப்படத்துக்கு டைட்டில் கார்டுதான் பாயிரம். மூலப்படத்தின் பெயரும் அதன் கதாசிரியர் பெயரும், தயாரிப்பாளர்கள் நன்றி சொல்லும் நீண்ட பட்டியலுக்குள் பொடி எழுத்தில் புதையாமல், இயக்குநர் பெயருக்கு அடுத்த அட்டையில் தனியாக, படிக்கிற அளவு நேரம் நிற்க வேண்டும். தயாரிப்பாளர் சங்கங்கள் இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம். செலவு ஒன்றுமில்லை.