கடல் திறந்தது, ஆலயம் திறக்கவில்லை

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரம்



மும்பைப் பட்டணத்தில் கடலுக்கும் ஒரு காலண்டர் உண்டு. பிழைப்பைத் தேடி இங்கே குடியேறிய நம்மில் அநேகர் அதை அறியாமலே பல ஆண்டுகள் வாழ்ந்துவிடுகிறோம். மழைக்காலம் நெருங்கும்போது, மே மாதக் கடைசியில், கேட்வே ஆப் இந்தியா துறையிலிருந்து மாண்ட்வாவுக்குச் செல்லும் படகுகள் நிறுத்தப்படுகின்றன. செப்டம்பரில் மறுபடியும் புறப்படுகின்றன. மேற்குக் கரையோரத்தில் இயந்திரப் படகுகள் மீன்பிடிக்க ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள் தடை உண்டு. கடலின் கொந்தளிப்பு ஒரு காரணம். மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம் என்பது மற்றொரு காரணம். இந்தப் பட்டணத்தின் பூர்வகுடிகளாகிய கோலி மீனவர்கள் நாரளி பௌர்ணமி அன்று கடலுக்குத் தேங்காய் செலுத்தி மீன்பிடி காலத்தைத் தொடங்குவது வழக்கம். அந்தச் சடங்கில் நமக்குப் பங்கில்லை. ஆனாலும் வீட்டில் அடுப்பு எரியாத நாளிலும், கண்ணுக்கெதிரே கடல் விரிந்துகிடந்தாலும், காலம் வருமளவும் காத்திருக்கிற அவர்களுடைய பொறுமையில் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் உண்டு.

2020-ஆம் ஆண்டில் அந்தக் காலண்டர் கலைந்துபோயிற்று. அவ்வாண்டு மார்ச் 15-ஆம் தேதிதான் பாவ்சா தக்கா துறையிலிருந்து மாண்ட்வாவுக்கு, வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் ரோரோ கப்பல் ஓடத் தொடங்கியது. பத்தே நாட்களில் தேசமெங்கும் ஊரடங்கு வந்தது, கப்பல் நின்றது. ஊரடங்கினால் ஏற்கெனவே வருமானம் இழந்திருந்த மீனவர்களுக்காக மத்திய அரசு அந்த ஆண்டின் தடைக்காலத்தை 47 நாட்களாகக் குறைத்தது. ஆகஸ்ட் 1-ல் மீன்பிடி காலம் திறந்தது. ஆகஸ்ட் 20-ல் ரோரோ கப்பலும் மறுபடியும் ஓடியது. அக்டோபர் 5-ல் உணவகங்களும் மதுக்கூடங்களும் திறக்கப்பட்டன. ஆனால் ஆலயக் கதவுகள் மாத்திரம் பூட்டியே கிடந்தன.

பாஸ்டர், நமக்கு மட்டும் ஏன்?

எங்கள் சபை இரண்டே ஜன்னல்கள் உள்ள ஒரு வாடகை அறையில், முதல் மாடியில், கூடிவருகிறது. இட்லி வியாபாரம் செய்கிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிற சகோதரிகள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் என்று ஏறக்குறைய நூற்றிருபது பேர். அவர்களில் ஒரு சகோதரர் மீன்பிடித் துறையில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிறவர். ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள் அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "பாஸ்டர், போட்டெல்லாம் கடலுக்குப் போயாச்சு. காரை ஏற்றிக்கொண்டு அலிபாக்குக்கு உல்லாசமாய்ப் போகிறவர்களுக்குக் கப்பல் ஓடுது. நாம் கூடி ஜெபிச்சா மட்டுமா வியாதி வரும்? அம்மா ஞாயிற்றுக்கிழமை ஆனால் வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலிலே உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் என்ன சொல்லட்டும், ஐயா?"

அந்தத் தாயாருக்கு எழுபது வயதுக்குமேல். மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. வாரத்தில் ஒருநாள் தமிழ்ப் பாடலும் தமிழ் ஜெபமும் கேட்கிற அந்த அறைதான் இந்தப் பெரிய பட்டணத்தில் அவர்களுக்கு இருந்த ஒரே ஊர். செப்டம்பர் 1-ல் தமிழ்நாட்டில் வழிபாட்டுத் தலங்கள் யாவும் திறக்கப்பட்டன. "எங்களுக்குத் திறந்தாயிற்று, உங்களுக்கு இன்னுமா இல்லை?" என்று திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் உறவினர்கள் விசாரிக்கத் தொடங்கியபோது, நம் ஜனங்களின் பாரம் இன்னும் அதிகமாயிற்று. கதவைச் சாத்திக்கொண்டு இரவில் இரகசியமாய்க் கூடுவோம் என்றார்கள் சிலர். நான் இணங்கவில்லை. "போதகருக்கு விசுவாசம் குறைந்துவிட்டது" என்று சொல்லி இரண்டு குடும்பங்கள் வேறிடத்திற்குப் போய்விட்டன.

இது நம்முடைய பட்டணத்தில் மாத்திரம் நடந்ததல்ல. கனடா தேசத்தின் ஒன்ராறியோ மாகாணத்தில், குளிர்காலத்தில் கரையேற்றி வைத்திருந்த படகுகளைத் தண்ணீரில் இறக்கி ஆயத்தம்பண்ண 2020 மே 4-ல் அனுமதி கொடுத்தார்கள். மே 16-ல் படகுத்துறைகள் பொதுஜனங்களுக்குத் திறக்கப்பட்டன. வழிபாட்டுத் தலங்களுக்கோ ஜூன் 12-ல்தான், அதுவும் முப்பது சதவீதம் பேருக்கு மாத்திரம், அனுமதி கிடைத்தது. உல்லாசப் படகு முதலில், ஆராதனை பின்னால். அங்கேயும் நம்முடைய தமிழ்ச் சபைகள் உண்டு. அங்கேயும் இதே கேள்வி எழும்பியிருந்தால் ஆச்சரியமில்லை.

படகும் அறையும்

இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது, படகும் ஆலயமும் ஒன்றல்ல. படகின் மேல்தளத்தில் கடற்காற்று வீசுகிறது. ஒருவர் விடும் மூச்சு அந்த நிமிஷமே கலைந்துபோகிறது. மூடிய அறையில் அது தங்குகிறது. பேசும்போது வெளிப்படும் நுண்துளிகளைவிட உரத்துப் பாடும்போது வெளிப்படுபவை அதிகம். 2020 மார்ச் 10-ஆம் தேதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில், ஸ்காஜிட் பகுதியில், ஒரு பாடகர் குழுவினர் 61 பேர் ஓர் ஆலயக் கட்டடத்தில் கூடி இரண்டரை மணி நேரம் பாடிப் பழகினார்கள். அவர்களில் 53 பேர் நோயுற்றார்கள், இருவர் மரித்தார்கள். நாமோ கைதட்டி, உரத்த சத்தமாய்த் துதித்து, கண்ணீரோடு ஒருவர்மேல் ஒருவர் கைவைத்து ஜெபிக்கிற ஜனங்கள். இரண்டு ஜன்னல் அறையில் நூற்றிருபது பேர் மூன்று மணி நேரம் ஆராதித்தால் என்ன நேரிடும் என்பதை யோசிக்க மருத்துவப் படிப்பு தேவையில்லை.

மூடிய அறைகளாகிய மதுக்கூடங்கள் ஆலயங்களுக்கு முன்னே திறக்கப்பட்டனவே என்று நம் ஜனங்கள் முறையிட்டார்கள். அந்த முறைப்பாட்டில் நியாயம் இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அரசாங்கம் மற்றவனுக்கு எதைத் திறந்துவிட்டது என்பதைக் கொண்டு, என் வசத்தில் ஒப்புவிக்கப்பட்ட ஆத்துமாக்களின் பாதுகாப்பை நான் தீர்மானிக்கக்கூடாது. இதுவே இரண்டாவது பதில். இதை எனக்குப் போதித்தது அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரம்.

பவுல் சொன்ன கடல் காலம்

கிரேத்தா தீவில் நல்ல துறைமுகம் என்னும் இடத்தில் கப்பல் நிற்கிறது. உபவாச நாள் கழிந்துவிட்டது என்று லூக்கா எழுதுகிறார். அது பாவநிவாரண நாள்; செப்டம்பர் அல்லது அக்டோபரில் வருவது. செப்டம்பர் நடுப்பகுதிக்குப்பின் கடற்பயணம் ஆபத்தானது என்றும், நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் மூடப்பட்டது என்றும் வெகேத்தியஸ் என்னும் ரோம எழுத்தாளர் குறித்திருக்கிறார். அந்தக் காலத்துக் கடலுக்கும் ஒரு காலண்டர் இருந்தது! பவுல் எச்சரிக்கிறார். நூற்றுக்கு அதிபதியோ மாலுமியையும் கப்பலின் எஜமானையும் நம்புகிறான். குளிர்காலத்தைக் கழிக்க அந்தத் துறைமுகம் வசதியாயில்லை என்பதே அவர்கள் காட்டிய காரணம். பெரும்பான்மையோர் புறப்படவேண்டும் என்றார்கள். தென்றலும் மெதுவாய் வீசியது. உடனே நங்கூரத்தைத் தூக்கிவிட்டார்கள்.

பிரியமானவர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மூன்றாம் வானம்வரை எடுத்துக்கொள்ளப்பட்ட பவுல், மரித்த வாலிபனை உயிரோடு கண்ட பவுல், "காலம் சரியில்லை, காத்திருங்கள்" என்கிறார். அது அவிசுவாசமா? கர்த்தர் படைத்த கடலையும் காற்றையும் அறிந்து நடப்பதும் கர்த்தருக்குப் பயப்படுவதே. பின்பு மெலித்தா தீவில் பவுல் விரியன் பாம்பைத் தீயிலே உதறிவிட்டார். ஒரு சேதமும் அடையவில்லை. ஆனால் அவர் பாம்பைத் தேடிப்போய்க் கையில் பிடித்தவரல்ல. குளிரில் நடுங்கினவர்களுக்காக விறகு பொறுக்கப் போனவர். சுகமளிக்கும் தேவனை நாம் விசுவாசிக்கிறோம். அந்த விசுவாசம் விறகு பொறுக்கும் வழியில் நம்மைக் காக்கும். பாம்பைத் தேடிச் செல்ல நமக்கு அதிகாரம் கொடாது.

நாங்களும் அந்த மாதங்களில் எங்களால் இயன்றவரை விறகு பொறுக்கினோம். வேலையிழந்த வீடுகளுக்கு அரிசியும் பருப்பும் கொண்டுபோனோம். காலை ஐந்து மணிக்குத் தொலைபேசி வழியாய் இணைந்து ஜெபித்தோம். அந்தத் தாயாருக்குத் தினமும் ஒரு சகோதரி தொலைபேசியில் ஒரு சங்கீதம் வாசித்துக் காட்டினார்.

ஆயினும் காத்திருத்தலுக்கு ஒரு கிரயம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. அந்தத் தாயார் அக்டோபர் மாதத்தில், இந்த நோயினாலல்ல, முதிர்வயதினால் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். சபை கூடி நின்று பாடி வழியனுப்ப முடியவில்லை. இருபது பேருக்கே அனுமதி. நவம்பர் 16-ல் மகாராஷ்டிராவில் ஆலயங்கள் திறக்கப்பட்டபோது, தரையில் இடைவெளி அளந்து கோடு போட்டவர் அவர்களுடைய மகனே. "அம்மா வந்து உட்கார முடியவில்லை, ஐயா. மற்றவர்களின் அம்மாமார் பத்திரமாய் உட்காரட்டும்" என்றார். அதற்குமேல் நாங்கள் இருவரும் பேசவில்லை.

மெதுவாய் வீசும் தென்றல்

2021 தொடக்கத்தில் தென்றல் மறுபடியும் மெதுவாய் வீசியது. நோய் தணிந்தது, பிப்ரவரி 1 முதல் உள்ளூர் ரயில்களில் எல்லாருக்கும், நேர வரம்போடு, அனுமதி வந்தது. முகக்கவசங்கள் தாடைக்கு இறங்கின. திருமண மண்டபங்கள் நிரம்பின. ஏப்ரலில் இரண்டாம் அலை யூரோக்கிலிதோன் காற்றைப்போல் மோதியது. ஆலயங்கள் மறுபடியும் மூடப்பட்டு, அக்டோபர் 7-ல்தான் திறந்தன. எங்கள் சபையிலும் இரண்டு வீடுகளில் அழுகையின் சத்தம் கேட்டது.

இத்தனை ஆண்டுகள் கழிந்தபின் இதை ஏன் எழுதுகிறேன்? அந்த நாட்களின் காயம் பல சபைகளில் இன்னும் ஆறவில்லை. திறந்த போதகர்களைச் சிலர் துணிகரக்காரர் என்கிறார்கள். மூடிய போதகர்களைச் சிலர் கோழைகள் என்கிறார்கள். பிரிந்துபோன குடும்பங்கள் தெருவில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பவுலைப் பாருங்கள்! தன் சொல்லைக் கேளாதவர்கள் புயலில் சிக்கியபோது, நீங்கள் கேட்டிருக்கவேண்டும் என்று ஒருமுறை சொன்னார், அத்தோடு விட்டுவிட்டார். அதன்பின் அவர் செய்ததெல்லாம் அவர்களைத் திடப்படுத்தியதும், அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம்பண்ணி அவர்களையும் சாப்பிடச் செய்ததுமே. காத்திருக்கச் சொன்னவரும் அவசரப்பட்டவர்களுமாகிய 276 பேரும் ஒரே கப்பலில் இருந்தார்கள். ஒருவரும் சேதமின்றிக் கரைசேர்ந்தார்கள்.

ஆகையால், உங்களைவிட்டுப் பிரிந்துபோன ஒரு சகோதரனோ சகோதரியோ இருந்தால், இந்த மாதத்தில் நீங்களே முதலாவது அவர்கள் வீட்டுக்குப் போங்கள். யார் சொன்னது சரி என்று கணக்குத் தீர்க்க வேண்டாம். ஒன்றாய் உட்கார்ந்து உணவருந்தி, ஒன்றாய் ஜெபித்துவிட்டு வாருங்கள். கடலுக்கு எல்லையைக் குறித்த கர்த்தர், அது திறக்கும் காலத்தையும் மூடும் காலத்தையும் பகுத்தறியும் ஞானத்தையும், காத்திருக்கும் பொறுமையையும் நம் ஒவ்வொருவருக்கும் தந்தருளுவாராக. ஆமென்.