அவசரக்காரன் யார்?



பிள்ளைகளின் குற்றத்தை எழுதுவது எளிது; தன் குற்றத்தை எழுதுவதுதான் கடினம். இந்தக் கட்டுரையில் இரண்டும் வருகின்றன. ஆகவேதான் நீண்ட நாள் தயங்கிய பின் பேனாவைக் கையில் எடுத்தேன்.

என் இளைய மகனுக்கு அப்போது 15 வயது. பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். ஒரு சனிக்கிழமை காலை, துவைக்கப் போட்ட அவனுடைய கால்சட்டைப் பையிலிருந்து சிறு பொட்டலம் ஒன்றை என் மனைவி எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். உதட்டுக்கும் ஈறுக்கும் இடையே அடக்கிக்கொள்ளும் புகையிலை அது. குட்காவையும் புகையிலை கலந்த இத்தகைய பொருள்களையும் தமிழ்நாடு அரசு 2013ஆம் ஆண்டே தடை செய்தது. தடையைத் தாண்டி அது எங்கள் வீட்டுக்குள் வந்திருந்தது.

"நம் வீட்டிலா?" என்று கேட்டாள் அவள். அந்த இரண்டு சொற்களில் எங்கள் அறியாமை முழுவதும் அடங்கியிருந்தது. மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்தில் பீடியைக்கூட யாரும் தொட்டதில்லை. போதை விலக்கப்பட்டது என்று சொல்லியே பிள்ளைகளை வளர்த்தோம். சொல்லிவிட்டோம், அதுவே போதும் என்று இருந்தும்விட்டோம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? டியூஷன் முடிந்து அவன் திரும்பிய நேரம், வாசற்படியிலேயே நிறுத்தி அறைந்தேன். அண்டை வீட்டார் பார்த்தனர். "குடும்பத்தின் பெயரைக் கெடுக்கப் பிறந்தவனே!" என்று கத்தினேன். அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. அன்று மட்டுமல்ல, தொடர்ந்து ஒன்பது நாள்கள் என்னுடன் பேசவில்லை. நான்காம் நாள் அவனுடைய தலையணை உறைக்குள் இன்னொரு பொட்டலம் கிடைத்தது. அடித்த கை வலித்ததே தவிர, அடி பயன் தரவில்லை.

அந்த வாரக் கடைசியில் சென்னையிலிருந்து என் ராத்தா மகள் வந்திருந்தாள். உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். நடந்ததையெல்லாம் பொறுமையுடன் கேட்டுவிட்டு, "மாமா, அவன் இதை எப்போதெல்லாம் எடுக்கிறான் என்று கேட்டீர்களா?" என்றாள்.

"யார் கொடுத்தது என்று கேட்டேன். எத்தனை நாளாக என்று கேட்டேன். எப்போது எடுக்கிறாய் என்று கேட்கவில்லை."

"அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்" என்று சொல்லி அவள் விளக்கியவற்றை, என்னைப் போன்ற பெற்றோருக்காக இங்கே எழுதுகிறேன்.

யோசிக்காமல் செய்துவிடும் போக்கை நாம் 'அவசர புத்தி' என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகிறோம். ஆனால் அது ஒன்றல்ல. ஸ்டீபன் வைட்சைட், டொனால்ட் லினம் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் 2001ஆம் ஆண்டு அதை நான்காகப் பிரித்துக் காட்டினர். விளைவை எண்ணிப் பாராமல் இறங்குவது ஒன்று. எடுத்த காரியத்தில் நிலைத்து நிற்க இயலாமை இரண்டு. புதுமையையும் பரபரப்பையும் தேடி அலைவது மூன்று. மனம் புண்பட்டுக் கொதிக்கும்போது, அந்த வேதனையை உடனே அணைக்க எதையாவது செய்துவிடுவது நான்கு.

பரபரப்பைத் தேடும் பிள்ளை ஒன்றைச் சுவைத்துப் பார்க்கக்கூடும். ஆனால் போதைப் பழக்கம் வாழ்க்கையையே சிக்கலாக்கும் நிலையுடன் மிக நெருங்கிய தொடர்புடையது இந்த நான்காவது வகை என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. வெளிப்பார்வைக்கு இரு பிள்ளைகளின் செயலும் ஒன்றுதான். உள்ளே இருக்கும் காரணம் வேறு. ஆகவே மருந்தும் வேறு.

"அப்படியானால் கூட்டாளிகளின் குற்றம் ஒன்றும் இல்லையா?" என்று கேட்டேன். அதற்கும் ஓர் ஆய்வைச் சொன்னாள். மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டெய்ன்பெர்க் ஆகிய இருவர் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு அது. 13 முதல் 16 வயது வரையிலானவர்கள், 18 முதல் 22 வரையிலானவர்கள், 24க்கு மேற்பட்டவர்கள் என மூன்று பிரிவாக 306 பேரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஆடச் செய்தனர். சிலர் தனியாக ஆடினர். சிலர் தம் வயதுத் தோழர்கள் இருவர் அருகிலிருக்க ஆடினர். தோழர்கள் அருகில் இருந்தபோது இளம் பிள்ளைகள் துணிந்து எடுத்த ஆபத்து வெகுவாகக் கூடியது. பெரியவர்களிடம் அத்தகைய மாற்றம் பெரிதாகத் தெரியவில்லை.

காரணம் மூளையின் வளர்ச்சியில் இருக்கிறது. இன்பத்தையும் பாராட்டையும் நாடும் பகுதி வளரிளம் பருவத்தில் மிகுந்த விழிப்புடன் இயங்குகிறது. 'நில், யோசி' என்று கட்டுப்படுத்தும் நெற்றிப்புற மூளையோ இருபது வயதைக் கடந்தும் சில ஆண்டுகள் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. குதிரை வளர்ந்துவிட்டது, கடிவாளம் இன்னும் தயாராகவில்லை. அந்த வயதில் நிகோடின் போன்ற பொருள்கள் உள்ளே சென்றால் அவை கடிவாளத்தையே பழுதாக்கக்கூடும். அவசரப் போக்கு போதைக்கு இட்டுச் செல்கிறது; போதையோ அவசரப் போக்கை மேலும் வளர்க்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பவை.

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு மாடியில் மகன் அருகே அமர்ந்தேன். மன்னிப்புக் கேட்பது எங்கள் தலைமுறைத் தந்தையருக்குப் பழக்கமில்லாத காரியம். ஆயினும் கேட்டேன். "நான் அடித்தது தவறு. நீ செய்ததும் தவறு. இதை எப்போதெல்லாம் எடுக்கத் தோன்றுகிறது, அதை மட்டும் சொல்" என்றேன்.

வெகு நேரம் கழித்தே பேசினான். "அரையாண்டு மதிப்பெண் வந்த அன்றைக்கு, சாச்சா, மாமி எல்லோரும் இருக்கும்போது, காக்காவோடு ஒப்பிட்டு என்னைப் பேசினீர்களே வாப்பா, மறுநாள்தான் முதலில் எடுத்தேன். வகுப்புத் தோழன் ஒருவன் கொடுத்தான். வாயில் வைத்தால் தலை சுற்றும். கொஞ்ச நேரம் எதுவும் நினைவில் இராது. அதற்கப்புறம் நீங்கள் ஏசும் நாளெல்லாம் வேண்டும் போல இருக்கும்."

"நான் அடித்த பிறகு?"

"அன்றைக்கே வாங்கினேன்."

வாசகர்களே, அந்த நான்காவது வகை அவசரம் என் மகனிடம் மட்டுமா இருந்தது? மனம் கொதித்த நொடியில், யோசிக்காமல், வேதனையை அணைக்கக் கை நீட்டியவன் நானும்தான். அவன் கை பொட்டலத்தை நோக்கி நீண்டது. என் கை அவன் கன்னத்தை நோக்கி நீண்டது. 15 வயதில் கடிவாளம் முதிரவில்லை என்று அவனுக்கொரு காரணம் உண்டு. 48 வயதில் எனக்கு என்ன காரணம்?

இனி நம்பிக்கை தரும் செய்தியைச் சொல்கிறேன். நியூசிலாந்தின் டுனிடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 பேரை ஆய்வாளர்கள் சிறு வயது முதல் தொடர்ந்து கவனித்து வருகின்றனர். சிறு வயதில் தன்னடக்கம் குறைந்திருந்தவர்களுக்கு 32 வயதில் உடல்நலக் குறைவும், போதைச் சார்பும், பணச் சிக்கலும் அதிகமாக இருந்ததை 2011ஆம் ஆண்டு வெளியிட்டனர். அவர்களில் பலர் 15 வயதுக்குள் புகைக்கத் தொடங்கியிருந்தனர். இதைக் கேட்டு நான் அஞ்சினேன். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: வளரும்போது தன்னடக்கம் மேம்பட்ட பிள்ளைகள் எதிர்பார்த்ததைவிட நல்ல நிலையை அடைந்தனர். ஆகவே இது தலையெழுத்து அன்று, பயிற்சியால் வளரக்கூடியது.

அந்தப் பயிற்சிக்கும் வழி உண்டு. பட்ரிசியா கான்ராட் என்னும் உளவியலாளர், நம்பிக்கையிழப்பு, அச்சவுணர்வு, அவசரப் போக்கு, பரபரப்பு நாட்டம் என நான்கு இயல்புகளின்படி மாணவர்களைப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஏற்ற இரண்டு அமர்வுகளை மட்டும் வகுத்தார். லண்டன் பள்ளிகளில் பயிற்சி பெற்ற பள்ளி ஊழியர்களே அவற்றை நடத்தினர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பள்ளி மாணவர்களிடையே மதுப் பழக்கம் குறைவாக இருந்ததை 2013இல் வெளியான முடிவுகள் காட்டின. அங்கே போதையின் தீமையைப் பற்றிய சொற்பொழிவு பெரிதாக இல்லை. உணர்ச்சி எழும் நொடிக்கும் செயலுக்கும் இடையே சற்று நிற்கக் கற்பிப்பதே பாடம்.

எங்கள் வீட்டில் நாங்கள் செய்தவை எளியவை. பிறர் முன்னிலையில் மதிப்பெண் பேச்சை எடுப்பதில்லை. மகனை யாருடனும் ஒப்பிடுவதில்லை. கோபம் வந்தால் யாராக இருப்பினும் பத்து நிமிடம் மாடிக்குச் சென்றுவிட்டு வரலாம்; எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கக் கூடாது. அதிகம் மாடிக்குப் போனவன் நான்தான். மாலையில் அவனைக் கால்பந்துக் குழுவில் சேர்த்தோம். பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம் என்பதைத் தலைமையாசிரியரிடம் நினைவூட்டினேன். துணை வேண்டுவோர் அரசின் 14416 என்னும் மனநல உதவி எண்ணையும் அழைக்கலாம், இலவசம்.

ஒரே நாளில் எல்லாம் நேராகிவிடவில்லை. இருமுறை வழுக்கினான். இரண்டாம் முறை அவனாகவே வந்து, "வாப்பா, இன்றைக்கு எடுத்துவிட்டேன்" என்றான். அன்றைக்கு என் கை எழவில்லை. அவன் மறைக்காமல் சொன்னதே எங்களுக்குக் கிடைத்த முதல் வெற்றி. இப்போது அவனுக்கு 18 வயது. ஓர் ஆண்டுக்கு மேலாக அந்தப் பொட்டலம் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை.

இந்தக் கட்டுரையை அவனிடம் படித்துக் காட்டி, அவன் சம்மதம் பெற்ற பிறகே அனுப்புகிறேன். "உங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்களே, அதனால் சரி" என்றான்.

உங்கள் வீட்டில் இப்படியொரு பொட்டலம் என்றும் கிடைக்காதிருக்க வேண்டுகிறேன். கிடைத்தால், கையை ஓங்குமுன் பத்து நிமிடம் மாடிக்குச் சென்று வாருங்கள். பிறகு கேளுங்கள்: "எப்போது தோன்றுகிறது, மகனே?"