பழைய கோட்டும் பதினோரு பவுண்டும்

ஆக்ஸ்ஃபோர்டில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பழைமையான கல்லூரிகளைச் சுற்றிக்காட்டுவாள் என்று நம்பி, அக்கா மகளோடு கிளம்பினேன். பதினைந்து வயதுக்காரி என்னை அழைத்துப்போனதோ பழைய துணி விற்கும் கடைகளுக்கு!

முதலில், பிராட் ஸ்ட்ரீட்டில் இருக்கும் ஆக்ஸ்ஃபாம் கடை. 1942-ல், போரால் பட்டினியில் வாடிய கிரேக்க மக்களுக்கு உதவ இந்த ஊர்க்காரர்கள் சிலர் தொடங்கிய அமைப்பு அது. 1940-களின் இறுதியிலேயே இந்தத் தெருவில் கடை திறந்துவிட்டார்கள். மக்கள் நன்கொடையாகத் தரும் பொருள்களை விற்று, வரும் பணத்தை வறுமை ஒழிப்புக்குச் செலவிடுகிறார்கள். இப்படிப் பல அமைப்புகளின் ‘சாரிட்டி ஷாப்’கள் பிரிட்டன் கடைவீதிகளில் சகஜம். தொண்டுசெய்ய வரும் பள்ளிப் பிள்ளைகளையும் அங்கே பார்க்கலாம்.

எனக்கோ உள்ளே நுழையவே கூச்சம். சிறுவயதில் பள்ளி ஆண்டுவிழாவுக்குப் பெரியம்மா மகளின் பட்டுப்பாவாடையைக் கட்டிக்கொண்டு போனேன். “இது உங்க அக்காவோடதுதானே?” என்று ஒருத்தி எல்லோர் முன்னாலும் கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

குளிர்கால கோட்டுக்காக அக்கா கொடுத்தது 25 பவுண்டு. மிச்சம் பிடித்தால் அது மகளுக்கே. புதிது வாங்கினால் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகவே ஆகும்.

மூன்றாவது கடையில் ஒரு நீல கோட் கிடைத்தது. விலை 14 பவுண்டு. உடனே எடுத்துவிடவில்லை. வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துப் பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்த்தாள். அக்குள் தையலை இழுத்துப் பார்த்தாள். ஜிப்பை நாலு முறை ஏற்றி இறக்கினாள். முகர்ந்தும் பார்த்தாள். கையில் ஒரு பட்டன் இல்லை.

“அதை நீங்க தச்சுத் தந்துடுவீங்கல்ல சித்தி?”

மிச்சம் 11 பவுண்டு. கண்ணில் பட்டது ஒரு ஜிகினா டாப், 5 பவுண்டு. ஒரு கைப்பை, 4 பவுண்டு. இரண்டையும் தூக்கிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவள், கொஞ்ச நேரத்தில் இரண்டையும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

“ஏம்மா, மலிவாத்தானே இருக்கு?”

“போன தடவை மலிவா இருக்குன்னு நாலு டாப் வாங்கினேன் சித்தி. மூணை இன்னும் போடவே இல்ல. போடாத துணி என்ன விலையா இருந்தாலும் தண்டம்தானே?”

பில் போடும் இடத்தில் மெல்லக் கேட்டேன். “இது யாரோ போட்டதுன்னு ஸ்கூல்ல கேட்டா?”

“கேட்கட்டுமே... 14 பவுண்டுன்னு சொல்வேன். எந்தக் கடைன்னு அடுத்த கேள்வி வரும்!”

அவள் சிரித்தாள். விலை குறைவு என்பதற்காக மட்டுமே என் கையில் ஏறியிருந்த இரண்டு ஸ்கார்ஃப்களை, நான் சத்தமில்லாமல் திரும்ப மாட்டிவிட்டு வந்தேன்.