ஒன்பது மா நிலமும் ஒரு வருகைப் பதிவேடும்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன புதன்கிழமை ஒன்பது மணிக்கு மேல் ஒரு போன். 1998-ல் பத்தாம் வகுப்பு முடித்த பையன். பையன் என்கிறேன், அவனுக்கே மீசை நரைத்துவிட்டது. நலம் விசாரித்தான், மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டான். பிறகு விஷயத்துக்கு வந்தான்.

"சார், பட்டினத்துக்குக் கிழக்க நம்ம அப்பா நிலம் இருக்குல்ல. அதை இறாலுக்குக் கேக்குறாங்க. அஞ்சு வருஷக் குத்தகை, ரெண்டு வருஷப் பணம் முன்கூட்டியே. கொடுக்கலாமா சார்?"

சமூக அறிவியல் வாத்தியாரிடம் இதைக் கேட்பானேன்? நான் புத்தகம் படித்தவன், சரியாகச் சொல்லுவேன் என்று நம்பிக் கேட்டான். எனக்குக் கொஞ்ச நேரம் வாய் வரவில்லை. காரணம் அவனுக்குத் தெரியாது. உங்களில் பலருக்கும் தெரியாது. முப்பது வருஷமாக நான் யாரிடமும் பேசாத விஷயம் அது.

1993-ல் எங்கள் அப்பாவின் ஒன்பது மா நிலத்தை, அதாவது மூன்று ஏக்கரை, இறால் பண்ணைக்குக் குத்தகைக்கு விட்டவன் நான்தான்.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் கடைமடை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணை தாண்டி, ஊர் ஊராக வாய்க்கால் நிரப்பி, கடைசியில் மிச்சம் இருந்தால்தான் அரசலாற்றிலும் திருமலைராஜனாற்றிலும் நம் பக்கம் எட்டிப் பார்க்கும். 1991-ல் காவிரி நடுவர் மன்றம் இடைக்காலத் தீர்ப்பு சொன்னபோது தமிழ்நாட்டுக்கு 205 டி.எம்.சி., அதிலிருந்து காரைக்காலுக்கு 6 டி.எம்.சி. என்று எழுதினார்கள். 2007 இறுதித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு 7 ஆனது. வகுப்பில் கரும்பலகையில் இந்த எண்களை எழுதிப் போட்டிருக்கிறேன், சிலருக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் காகிதத்தில் ஓடுகிற தண்ணீர் வயலில் ஓடாது. குறுவையை மறந்தோம். சம்பாவும் மழையை நம்பித்தான்.

அப்பா தவறிப்போயிருந்தார். சின்னத்தங்கைக்கு வரன் வந்திருந்தது. அந்த நேரத்தில் வெளியூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். நெல்லுக்குக் கிடைக்கும் குத்தகையைப் போல ஐந்து மடங்கு தருகிறோம் என்றார்கள். எங்களோடு சேர்த்து ஏழெட்டுப் பட்டாதாரர்கள் கையெழுத்துப் போட்டோம்.

மனச்சாட்சி உறுத்தவில்லையா என்று கேட்டால், சத்தியமாக இல்லை. பெருமையாகக்கூட இருந்தது. 1991-ல் அந்நியச் செலாவணி இல்லாமல் நாடு தங்கத்தை இங்கிலாந்து வங்கியில் அடகு வைத்திருந்தது. ஏற்றுமதி செய்பவன் நாட்டுக்குத் தொண்டு செய்பவன் என்று எல்லாரும் பேசிய காலம். ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போகிற இறால் நம் மண்ணிலிருந்து போகிறது. 'ஏற்றுமதியும் பொருளாதார வளர்ச்சியும்' பாடம் நடத்தும்போது எங்கள் ஊர் இறாலையே உதாரணமாகச் சொன்னேன். நிலம் என்னுடையது என்று மட்டும் சொல்லவில்லை.

பொக்லைன் வந்தது. நான்கே நாளில் வரப்பெல்லாம் காணாமல் போய், ஆள் உயரத்துக்குக் கரை எழும்பியது. கழிமுகத்திலிருந்து டீசல் எஞ்சின் வைத்து உப்புத் தண்ணீரை ஏற்றினார்கள். துடுப்பு மெஷின் ராத்திரி முழுக்க சுற்றும். நான்கு மாதத்தில் அறுவடை. குட்டையைக் காலி செய்யும்போது தீவனக் கழிவும் மருந்தும் கலந்த அந்தக் கறுப்புத் தண்ணீர் நேராக வடிகால் வாய்க்காலுக்குப் போகும். நாற்றம் தாங்காது. வாய்க்கால் எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்பதால்தான் கேட்கவில்லை.

வேலை கிடைக்கும் என்று சொன்னார்கள். கிடைத்தது, ராத்திரிக் காவலுக்கு மூன்று பேர், தீவனம் போட நான்கு பேர். அதே நிலத்தில் நடவுக்கு மட்டும் ஒரு நாளைக்கு முப்பது பெண்கள் வரிசையாக இறங்குவார்கள். பிறகு களையெடுப்பு, அறுப்பு, கதிரடிப்பு. ஏழெட்டுப் பேர் நிலமும் குட்டையானதும் கீழத்தெருப் பெண்களுக்கு நம் பக்கம் வேலையே இல்லை. நடவுக்காக நெடுங்காடு பக்கம் வரைக்கும் விடியற்காலையில் நடந்து போனார்கள்.

1995 என்று நினைக்கிறேன், ஒன்பதாம் வகுப்பு. கீழத்தெருவிலிருந்து ஒரு பெண் படித்தாள். முத்து முத்தான கையெழுத்து. வரைபடம் வரைந்தால் கடற்கரையை வளைவு நெளிவு தவறாமல் வரைவாள். தீபாவளிக்குப் பிறகு வருகைப் பதிவேட்டில் அவள் பேருக்கு நேரே வாரத்தில் மூன்று நாள் 'ஆ'ப்சென்ட். தையில் முழு வாரமும் வரவில்லை. வகுப்பாசிரியர் நான், வீட்டுக்குப் போய்க் கேட்பது என் வழக்கம். போனேன்.

அவள் அம்மா திண்ணையைத் துடைத்து உட்காரச் சொன்னார். எங்கள் வயலில் நடவுக்கு ஆள் கூட்டி வருபவர் அவர்தான். மகள் எங்கே என்றேன்.

"தண்ணிக்குப் போயிருக்குதுங்க வாத்தியாரய்யா. இங்க அடிபம்பு கரிக்குது. ரோட்டுக்கு அந்தாண்ட போயிதான் எடுக்கணும், நாலு நடை. நான் வேலைக்குப் போயிட்டா அதுதானே போவணும்."

ஒரு சொம்பில் மோர் கொடுத்தார். அந்த அம்மாளுக்குக் குட்டை யாருடைய நிலத்தில் இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மோரைக் குடித்தேன். அதிலும் லேசாகக் கரிப்பு இருந்தது.

அந்தப் பெண் அந்த வருஷத்தோடு நின்றுவிட்டாள். திருப்பூர் பக்கம் போனதாகக் கேள்வி. அடுத்த ஜூனில் புதிய பதிவேட்டில் அவள் பேர் இல்லை.

இதே சமயத்தில் பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் அய்யா இறால் பண்ணைகளை எதிர்த்து ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தார். கீழவெண்மணிக்குப் பிறகு நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுப்பதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்ட தம்பதியர் அவரும் கிருஷ்ணம்மாள் அம்மாவும். பாடுபட்டு வாங்கிக் கொடுத்த நிலத்துக்குப் பக்கத்திலேயே உப்புக் குட்டை வந்தால் என்ன செய்வார்? 1994-ல் உச்ச நீதிமன்றம் போனார். எண்பது வயது அப்போது. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். பெரியவருக்கு வேறு வேலை இல்லையா என்று ஆசிரியர் அறையில் பேசியிருக்கிறேன்.

1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பு வந்தது. கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் பாரம்பரிய முறை அல்லாத இறால் பண்ணைகளை 1997 மார்ச் 31-க்குள் அகற்ற வேண்டும், விளைநிலத்தையும் உப்பளத்தையும் அலையாத்திக் காட்டையும் குட்டையாக்கக் கூடாது என்றார்கள். அதைவிட என்னை உட்கார வைத்தது வேறொன்று. நாக்பூர் 'நீரி' ஆய்வு நிறுவனத்தார் நேரில் வந்து பார்த்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். இறால் விற்று வருகிற வருமானத்தைவிட அதனால் ஏற்படுகிற சேதம் அதிகம் என்பது அவர்கள் முடிவு. இத்தனை வருஷம் நான் சொல்லிக்கொடுத்த பாடத்தில் வரவு மட்டும்தான் இருந்தது. ஏற்றுமதி இத்தனை கோடி என்று எழுதுவோம். நாலு நடை தண்ணீர் எந்தப் பத்தியில் வரும்? அந்த அம்மாளின் நடவுக்கூலி கணக்கில் இருந்தது, போனபோது யாரும் கழிக்கவில்லை.

தீர்ப்பு வந்த வேகத்தில் எல்லாம் நடந்துவிடவில்லை. மறுசீராய்வு, நாடாளுமன்றத்தில் மசோதா என்று இழுத்து, 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. பதிவு செய்துகொண்டு நடத்தலாம் என்றானது. எங்கள் குட்டை அதுவரை காத்திருக்கவில்லை. வெள்ளைப்புள்ளி நோய் வந்து இறால் மிதந்தது. 96-லேயே கம்பெனிக்காரர்கள் எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கரையை வெட்டிச் சமன் செய்து தருவதாக ஒப்பந்தத்தில் இருந்தது. யாரைப் போய்க் கேட்பது?

நிலத்தை மீட்க நாங்கள் பட்ட பாட்டை என் தம்பியைக் கேளுங்கள். ஜிப்சம் போட்டோம், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதோம், மழைத் தண்ணீரைத் தேக்கித் தேக்கி வடித்தோம். வெயில் அடித்தால் வெள்ளையாகப் பூக்கும். 2004 சுனாமியில் கடல் ஏறிய வயல்கள்கூட அடுத்த வருஷத்துப் பெருமழையில் கழுவிக்கொண்டு தேறின. ஒரு நாள் வந்து போன உப்பு மேலாக இருந்தது. வருஷக்கணக்கில் தேங்கின உப்பு அடியில் இறங்கிவிட்டது. எங்கள் ஒன்பது மாவில் ஐந்து மா ஒருவழியாகத் தேறியது. மீதியில் இப்போதும் கோரைதான்.

சின்னத்தங்கையே, நீ இதைப் படிப்பாய். உன் கல்யாணத்துக்கு நகை வாங்கின பணம் அது. உன்மேல் ஒரு குற்றமும் இல்லை, உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது என் குற்றம்.

சரி, போனுக்கு வருகிறேன். கொடுக்காதே என்று சொன்னேன். கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "சார், உங்களுக்குச் சம்பளம் இருந்துச்சு. எனக்குக் கூட்டுறவு சொசைட்டிக் கடன் இருக்கு. அதை யார் கட்டுறது?"

நியாயமான கேள்வி. பதில் என்னிடம் இல்லை. ஓய்வூதியக்காரன் அடுத்தவனுக்குச் சுற்றுச்சூழல் பாடம் எடுப்பது சுலபம். வளர்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வாஞ்சூரில் 2009-ல் துறைமுகம் வந்தது, நம் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே சோறு தின்கிறார்கள். நிரவி ஓ.என்.ஜி.சி.யில் எத்தனை பேர். ஆனால் பாருங்கள், துறைமுகம் புதுச்சேரியில், எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நாகூர் தமிழ்நாட்டில். நிலக்கரித் தூசு பற்றி நாகூர்க்காரர்கள் வருஷக்கணக்கில் புகார் சொல்லி வருவது பத்திரிகைகளில் வந்திருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு, அந்தப் பக்கம் ஒன்று. 2020-ல் தமிழ்நாட்டில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் போட்டார்கள். பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டம் அதில் உண்டு, நடுவில் இருக்கிற நாம் இல்லை. பிரெஞ்சுக்காரன் போட்ட கோடு. மதுவுக்கும் பெட்ரோலுக்கும் அந்தக் கோட்டால் நமக்கு லாபம். காற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் அது தெரியாது. லாபம் ஒரு பக்கம், இருமல் இன்னொரு பக்கம் என்றால் இரண்டையும் ஒரே தாளில் யார் எழுதுவார்கள்? எங்கள் ஊருக்குள்ளேயே அப்படி ஒரு கோடு இருந்தது. மேலத்தெருவுக்கு வரவு, கீழத்தெருவுக்குச் செலவு.

இது நம் ஊர் வழக்கு மட்டும் இல்லை. தாய்லாந்தில் நெல் விளைகிற உள்நாட்டுப் பகுதிகளுக்குள் இறால் குட்டை நுழைந்தபோது 1998-ல் அரசு தடை போட்டது. இறால் விற்று முன்னேறிய நாடு அது, அவர்களுக்கே அங்கே நிறுத்த வேண்டியிருந்தது. வங்கதேசத்தில் குல்னா, சத்கீரா பக்கம் அதே உப்பு, அதே தண்ணீர்க் குடம்.

இப்போது வளர்ப்பது வனாமி இறால், 2009-ல் அனுமதி வந்தது. நல்லபடியாக நடத்துபவர்களும் உண்டு. என் மாணவன் ஒருவன் கழிமுகத்தை ஒட்டிய உவர் நிலத்தில், நெல்லே விளையாத இடத்தில், அடியில் விரிப்புப் போட்டு, கழிவு நீருக்குத் தனிக்குட்டை வைத்து நடத்துகிறான். அவனிடம் எனக்குச் சண்டை இல்லை. விதிகளில் பண்ணையின் அளவைப் பொறுத்து மாறுபவையும் உண்டு. அதனால்தான் போனில் கேட்டேன், "எத்தனை பேர் நிலத்தைக் கேக்குறாங்க தம்பி?" ஆறு பேர் நிலம், ஆறு தனி ஒப்பந்தம், ஒவ்வொன்றும் ஒன்று ஒன்றரை ஹெக்டேர். கூட்டிப் பாருங்கள்.

விலையும் நம் கையில் இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது முதலில் ஆடிப்போனது இறால்காரர்கள்தான். நட்டம் வந்தால் குத்தகைக்காரர் எஞ்சினைக் கழற்றலாம். நிலத்தை எங்கே கழற்றிக்கொண்டு போவது?

இத்தனையும் சொல்லிவிட்டு அவனிடம் மூன்று கேள்வி கேட்டேன். உன் நிலத்து வடிகால் எங்கே போகிறது? பக்கத்தில் யார் இன்னும் நெல் போடுகிறார்கள்? கிட்டத்தில் இருக்கிற அடிபம்பு எந்தத் தெருவில் இருக்கிறது? முதல் இரண்டுக்குப் பதில் சொன்னான். மூன்றாவதுக்கு, "பார்த்துட்டுச் சொல்றேன் சார்" என்றான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அவனும் நானும் அந்த நிலத்துக்குப் போகிறோம். வேளாண் கல்லூரியில் வேலை பார்க்கும் நம் மாணவர் ஒருவர் உப்பளவு பார்க்கிற மீட்டரோடு வருகிறார். சொசைட்டிக் கடன் தவணையை மாற்றுவது பற்றித் தெரிந்த வங்கிக்காரப் பிள்ளைகள் யாராவது இருந்தால் அவசியம் வாருங்கள், அதுதான் இப்போது முக்கியம். பட்டினம் கடைத்தெரு டீக்கடையில் கூடுவோம். எல்லாருக்கும் டீ என் கணக்கு. நிழல் கிடையாது, குடை எடுத்துக்கொண்டு வாருங்கள்.