முதன்முறை பார்ப்பவர்

வெலிங்டனில், விக்டோரியா மலை அடிவாரத்தில் இருக்கிறது எம்பசி தியேட்டர். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வரிசையின் மூன்றாம் படம் 2003 டிசம்பரில் உலகிலேயே முதலில் திரையேறிய இடம் இது. இன்று மறுவெளியீடாக முதல் படம் ஓடுகிறது. என் பக்கத்து இருக்கையில் எழுபதை ஒட்டிய பெரியவர். அவருக்கு அந்தப் பக்கம் பேத்தி. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும். டோல்கீனின் நாவலைத் தொட்டதில்லை, 2001இல் படம் வந்தபோதும் பார்க்கவில்லை என்று விளக்கு அணைவதற்குள் அவளிடம் சொல்லி முடித்துவிட்டார்.

ஆரம்பமே பெயர் மழை. பழைய போர், மோதிரங்கள், அரசர்கள். பெரியவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு அவள் பக்கம் சாய்கிறார். "பொறுங்க தாத்தா" என்கிறாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

உருவில் சிறிய ஹாபிட்கள் வாழும் ஷயர் வந்ததும் அவர் தோள்கள் தளர்கின்றன. வட்டக் கதவு, பச்சை மேடு, ஹாபிட் பில்போவின் 111ஆவது பிறந்தநாள். நெடிய மந்திரவாதி கான்டால்ஃப் குனிந்து நுழைந்து விட்டத்தில் தலையை இடித்துக்கொள்ள, வாய்விட்டுச் சிரிக்கிறார். ஒருவரைக் கேமராவுக்கு அருகிலும் இன்னொருவரைத் தள்ளியும் உட்காரவைத்து, இடையிலுள்ள வண்டியையும் மேசையையும் அதற்கேற்பச் செய்து, உயர வித்தியாசத்தைக் காட்டிய காட்சிகள் அவை. எப்படி எடுத்தார்கள் என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை. உழைத்தவர்களுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எது?

கறுப்புக் குதிரைவீரன் வருகிறான். மரவேரின் கீழ் நான்கு ஹாபிட்கள் ஒடுங்கியிருக்க, மேலே குதிரையின் குளம்பு. மண்ணிலிருந்து பூச்சிகள் நெளிந்து வெளிவருகின்றன. பெரியவர் கால்களை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொள்கிறார். பேத்தி கட்டைவிரலால் முதுகுக்குப் பின்னால் சுட்டிக்காட்டுகிறாள். அந்தக் காட்சி தியேட்டருக்குப் பின்னால் இருக்கும் இதே மலையில் எடுக்கப்பட்டது. 1999 அக்டோபரில் படப்பிடிப்பு தொடங்கியதே அங்குதான். பெரியவர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அவருக்கு வெலிங்டன் என்று ஓர் ஊரே இல்லை.

நாவலில் வரும் டாம் பாம்படில் என்ற பாத்திரத்தை விட்டுவிட்டார்களே என்ற மனக்குறை அதைப் படித்தவர்களுக்கு இன்றும் உண்டு. பெரியவருக்கு அப்படி ஒருவர் இருந்ததே தெரியாது. ஆனால் ரிவெண்டெல் ஆலோசனைக் கூட்டத்தில் மறுபடி பெயர்கள் குவிய, கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். படம் புதியவரைக் கொஞ்சம் நழுவவிடும் இடம் அது ஒன்றுதான்.

பிறகு மோரியா சுரங்கம். பாலத்தில் நடப்பதை இங்கே எழுதப்போவதில்லை. இன்னும் படம் பார்க்காதவர்களும் இதை வாசிக்கலாம். அது முடிந்து எல்லோரும் வெளியே, வெயில் அடிக்கும் பாறைகளுக்கு வருகிறார்கள். சண்டைச் சத்தம் அடங்கி இசை மட்டும் ஒலிக்கிறது. மடியிலிருந்த பாப்கார்ன் டப்பாவைப் பெரியவர் கீழே வைக்கிறார். பேத்தியைப் பார்க்கிறார். 'இப்படியேதானா?' என்று கேட்கும் முகம். அடுத்த படத்தில் என்ன என்று அவளுக்குத் தெரியும். உதட்டை இறுக்கிக்கொள்கிறாள். அவர் கையைப் பிடித்துக்கொள்கிறாளே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு சின்னப் பெண்ணுக்கு எத்தனை பெரிய பக்குவம்!

நாவலில் இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் வரும் ஒரு நிகழ்ச்சியை இயக்குநர் பீட்டர் ஜாக்சன் இந்தப் படத்தின் இறுதிக்குக் கொண்டுவந்திருக்கிறார். சரியான முடிவு. கதை பாதியில் நின்றாலும் புதியவருக்கு ஒரு படம் முழுதாகக் கிடைத்துவிடுகிறது. 178 நிமிடம் முடிந்து விளக்கு எரிந்த பிறகும் பெரியவர் எழுந்திருக்கவில்லை.

"அடுத்தது எப்போ?" என்கிறார்.

முதன்முறை பார்ப்பவரை இந்தப் படத்துக்கு அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய திரை கிடைத்தால் அங்கேயே கூட்டிப்போங்கள். தெரிந்ததையெல்லாம் மூன்றாம் படம் முடிந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.