பிள்ளைகளின் சொத்தை நகம்: களிம்புக்கு முன்னால் ஒரு பரிசோதனை

திங்கட்கிழமை பிரேயர் முடிந்ததும் பிள்ளைகளை வரிசையாகக் கை நீட்டச் சொல்லி நகம் பார்ப்பது எங்கள் பள்ளிகளில் வழக்கம். 30 வருஷத்துக்கு மேல் பார்த்திருக்கிறேன். அழுக்கு நகம், கடித்த நகம், மருதாணி நகம் எல்லாம் வரும். மஞ்சளாகித் தடித்து, ஓரம் பொடிப்பொடியாக உதிரும் சொத்தை நகம் மட்டும் அபூர்வம். பிள்ளைகளுக்கு நகம் மெல்லிசு, வேகமாகவும் வளரும். பூஞ்சை காலூன்றுவதற்குள் நகம் வளர்ந்து வெட்டுப்பட்டுவிடும். அபூர்வம் என்பதாலேயே, வந்துவிட்டால் என்னவென்று நமக்குத் தெரிவதில்லை. வைத்தியத்தை மட்டும் உடனே ஆரம்பித்துவிடுகிறோம்.

இங்கே மூலக்குளத்தில் எங்கள் தெருவில் ஒரு பெண் குழந்தை, நாலாம் வகுப்பு. அதன் அம்மா என்னிடம் படித்தவள். போன வருஷம் ஒருநாள் வந்து, "டீச்சர், இவ கட்டைவிரலை மடக்கி வெச்சிக்கிட்டே எழுதுறா, கையெழுத்தே போச்சு" என்றாள். குழந்தை எதுவும் சொல்லவில்லை. அப்புறம் அம்மாவே சொன்னாள்: "இவ கையால குடுக்குற எதையும் கிளாஸ்ல வாங்க மாட்டேங்குறாங்களாம்."

வலது கட்டைவிரல் நகம் பாதி வரை மஞ்சள். வலது கால் பெருவிரலும் அப்படியே. மணிக்கட்டில் ஓரம் மங்கிய ஒரு படர்தாமரை. மூன்று மாதமாக மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிய ட்யூப் ஒன்றைத் தடவி வந்திருக்கிறார்கள். அசிங்கம் தெரியாமல் இருக்க மேலே மருதாணி வேறு.

அந்த ட்யூபைக் கொண்டுவரச் சொல்லி, கண்ணாடி போட்டுப் படித்தேன். பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், அதோடு வீரியமான ஒரு ஸ்டீராய்டு. மூன்றும் ஒரே களிம்பில். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் இரண்டே நாளில் அடக்கும். "கேக்குது" என்று நாமும் தொடர்ந்து தடவுவோம். ஆனால் தோலின் எதிர்ப்பை அது அடக்கிவிடுவதால் பூஞ்சை நிம்மதியாகப் பரவும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பும். குழந்தைத் தோல் மெல்லிசு என்பதால் தோல் இன்னும் சுருங்கி மெலிந்தும் போகும். ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே விதியை இறுக்கியது. விதி அது பாட்டுக்கு இருக்கிறது, ட்யூப் இது பாட்டுக்கு விற்கிறது.

நம் நாட்டில் சமீப வருஷங்களில் படர்தாமரை லேசில் போகாத நோயாக மாறியதற்கு இந்தக் கலவைக் களிம்புகளும் ஒரு முக்கியக் காரணம் என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். இங்கே பரவிய ஒரு பூஞ்சைக்கு 2020-ல் 'டிரைகோஃபைட்டான் இந்தோட்டினியே' என்று பெயரே வைத்துவிட்டார்கள். வழக்கமாகக் கேட்கிற டெர்பினாஃபின் மருந்துக்கு அதில் பல வகைகள் மசிவதில்லை. நம் பெயரில் ஒரு பூஞ்சை! பெருமைப்படவா முடியும்?

அவளிடம் நான் சொன்னது இதுதான்: "ட்யூபை நிறுத்து. மருதாணியும் வேண்டாம், நிறத்தை மறைச்சிடும். ஜிப்மர் தோல் பிரிவுல காட்டு. என்னென்ன தடவினேன்னு மறைக்காம சொல்லு, இந்த ட்யூபையும் கையோட எடுத்துட்டுப் போ." பூஞ்சை மருந்து தடவிக்கொண்டே பரிசோதனைக்குப் போனால், இருக்கிற பூஞ்சையே இல்லை என்று முடிவு வரக்கூடும்.

பரிசோதனை ஒன்றும் பயப்படுகிற மாதிரி இல்லை. ஊசி கிடையாது. நகத்தின் ஓரத்தை வெட்டி, அடியில் உள்ள பொடியைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். பூஞ்சை இருந்தால் நூல் நூலாகத் தெரியும். எந்தப் பூஞ்சை என்று அறிய வளர்த்துப் பார்க்க வேண்டும், அதற்குச் சில வாரம் ஆகும்.

ஏன் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், கெட்டுப்போன நகம் எல்லாம் பூஞ்சை அல்ல. சோரியாசிஸ் குழந்தைகளுக்கும் வரும், நகத்தில் குண்டூசியால் குத்தின மாதிரி குழி விழும். 20 நகமும் ஒரேயடியாகச் சொரசொரப்பானால் அது பெரும்பாலும் வேறு நோய். விரல் சூப்புகிற குழந்தைக்கு நகச்சுற்று வந்து நகம் கோணும். தக்காளிக் காய்ச்சல் என்று 2022-ல் கேரளாவில் பேசப்பட்டதே, அந்த மாதிரி கை, கால், வாயில் கொப்புளம் போடும் காய்ச்சல் வந்து போன ஒன்றிரண்டு மாதத்தில் சில குழந்தைகளுக்கு நகம் அடியிலிருந்து கழன்று விழும். பெற்றோர் அலறிவிடுவார்கள். அதற்கு மருந்தே வேண்டாம், புது நகம் தானாக வரும். இதில் எதற்குமே வாரக்கணக்கில் பூஞ்சை மாத்திரை தேவையில்லை.

இந்தக் குழந்தைக்குப் பூஞ்சை என்றே வந்தது. அதோடு மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "வீட்டுல வேற யாருக்கு இருக்கு?"

பாட்டிக்கு இருந்தது. வில்லியனூர் பக்கம் வருஷக்கணக்கில் நடவுக்குப் போன கால். விரலிடுக்கில் சேற்றுப்புண், பெருவிரல் நகம் கொம்பு மாதிரி தடித்திருந்தது. "வயசானா அப்படித்தான்" என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. பேத்திக்கு நகம் வெட்டிவிடுவது பாட்டிதான், அதே நகவெட்டியால். குழந்தைகளின் நகத்தில் பூஞ்சை வந்தால் வீட்டுப் பெரியவர்களின் காலைப் பார்ப்பது பாதி வைத்தியம். பாட்டிக்குச் சர்க்கரையும் உண்டு, கால் விஷயத்தில் அவருக்குத்தான் ஆபத்து அதிகம். ஒரு வாரம் கெஞ்சித்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

குழந்தைக்கு எடை பார்த்து மாத்திரை கொடுத்தார்கள், மேலே பூச ஒரு மருந்தும். எந்த மருந்து, எத்தனை நாள் என்று நான் எழுதப்போவதில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையின் சீட்டைக் காட்டி வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும். பூஞ்சை மாத்திரை சிலருக்கு ஈரலைப் பாதிக்கும், ரத்தப் பரிசோதனை தேவையா என்று மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாத்திரை முடிந்த அன்று நகம் அழகாகிவிடாது. இங்கேதான் பலர் மனம் விட்டு, மறுபடி மெடிக்கல் கடைக்குப் போகிறார்கள். செத்த நகம் ஆறாது. அடியிலிருந்து நல்ல நகம் வளர்ந்து அதை வெளியே தள்ள வேண்டும். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும், கால் நகம் அதில் பாதிகூட இல்லை. கை நகத்துக்கு ஆறு மாதம், கால் பெருவிரலுக்கு ஒரு வருஷம் அல்லது அதற்கும் மேல். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சீக்கிரம் ஆகலாம். மாதம் ஒருமுறை போனில் போட்டோ எடுத்துவை என்று அவளிடம் சொன்னேன். மூன்றாவது போட்டோவில் அடியில் ரோஜா நிறத்தில் ஒரு பிறை தெரிந்ததும் தெருவுக்கே காட்டினாள்.

இப்போது கட்டைவிரல் சுத்தமாகிவிட்டது. கால் நகத்தில் நுனியில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் மிச்சம். ஆளுக்கொரு நகவெட்டி வாங்கிவிட்டார்கள். ஐப்பசி மழையில் நனைந்த ஷூ, சாக்ஸோடு பிள்ளைகள் சாயங்காலம் வரை வகுப்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். இந்த மழைக்கு இரண்டு ஜோடி பருத்தி சாக்ஸும், மழை நாளில் செருப்போடு வர ஆசிரியரிடம் அனுமதியும் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆசிரியராக இருக்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த அனுமதியைக் கேட்காமலே கொடுங்கள்.