கொள்ளிடக் கரையில் ஒரு செம்பு நீராகாரம்

தஞ்சையிலிருந்து ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையைத் தரிசிக்கச் செல்லும் அன்பர்கள், திருவையாற்றை அடைவதற்குள் ஐந்து ஆறுகளைக் கடந்துவிடுவார்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என அவை வரிசையாக வரும். அதற்கும் வடக்கே கொள்ளிடம், கண்ணுக்கெட்டிய தூரம் மணலாய் விரிந்து கிடக்கும். தை மாதத்தில் அவ்வழியே போவதே ஒரு சுகம். சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும். சாலையோரமெங்கும் நெல் காயும். பேருந்துக்குள் வைக்கோல் மணம் புகுந்துவிடும்.

சென்ற தை மாதம் அவ்வாறு நான் சென்றபோது, இத்தாலி நாட்டு இளங்குருவானவர் ஒருவர் உடன் வந்தார். தமிழ் பயில்வதற்காகத் தஞ்சையில் மூன்று மாதங்களாகத் தங்கியிருந்தவர். அவருடைய சொந்த மாவட்டம் மாந்துவா. தேம்பாவணி தந்த வீரமாமுனிவரும் அம்மாவட்டத்துக் கஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-ஆம் ஆண்டு பிறந்தவரே. ஆகவே ஏலாக்குறிச்சியைக் காணவேண்டுமென்று அவர் துடித்ததில் வியப்பில்லை.

"எங்கள் போ ஆற்றுச் சமவெளியிலும் நெல் வயல்தான். நானும் சோறு தின்று வளர்ந்தவன்" என்று அவர் பெருமையோடு சொன்னார். உண்மைதான், அங்கே பதினைந்தாம் நூற்றாண்டு முதற்கொண்டே நெல் விளைகிறது. அரிசியை வெண்ணெயில் வதக்கி, காய் அல்லது இறைச்சி வேகவைத்த சாற்றைச் சிறிது சிறிதாக ஊற்றிக் குழைய வேகவைத்து, பாலாடைக்கட்டி துருவிப் போட்டு முள்கரண்டியால் உண்பார்களாம். ஆகையால் நம் நாட்டுச் சாப்பாடு தமக்கு ஒரு பாரமாக இராதென்று எண்ணியே அவர் கப்பலேறினாராம். விமானம் ஏறினார் என்று சொல்லவேண்டும். பழைய வேதபோதகர்களின் நினைவு என் பேனாவை இழுத்துவிட்டது.

சோறு அவருக்குத் தொல்லை தரவில்லை. சோற்றைச் சுற்றியிருந்த வழக்கங்களே தொல்லை தந்தன.

திருவையாற்றில் இறங்கி, அவ்வூருக்கே பேர்பெற்ற அசோகாவை வாங்கிக் கொடுத்தேன். பயத்தம்பருப்பும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்து நாவில் கரையும் பண்டம் அது. அதை மகிழ்ந்து உண்டவர், பித்தளை டவராவில் காப்பி வந்ததும் திகைத்துப் போனார். அருகிலிருந்த முதியவர் டம்ளரை உதட்டில் படாமல் உயர்த்தி அண்ணாந்து ஊற்றிக்கொண்டதை உற்றுப் பார்த்து, தாமும் அப்படியே செய்ய முயன்றார். காப்பியில் பாதி வெள்ளங்கிக்குப் போயிற்று. "இது மிகப் பழைய வழக்கமோ?" என்று கேட்டார். அண்ணாந்து குடிப்பது பழையது, காப்பி பழையதன்று. காவிரிக்கரை வீடுகளில் காலை நீராகாரத்தைத் தள்ளிவிட்டுக் காப்பி அமர்ந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். நம் குழம்பில் எரியும் மிளகாய்கூடப் போர்த்துக்கீசியர் வழியாக அமெரிக்காவிலிருந்து வந்ததே என்றேன். "அப்படியானால் எதைத்தான் உள்ளூர் வழக்கம் என்று நான் கற்பது?" என்று சிரித்தார்.

நண்பகலில் ஏலாக்குறிச்சியில் எனக்குப் பெரியம்மா முறையாகும் அம்மையார் வீட்டில் சாப்பாடு. வாழையிலையின் நுனி உண்பவருக்கு இடப்பக்கம் இருக்கவேண்டும், முதலில் உப்பு வைக்கவேண்டும் என்பதையெல்லாம் சொல்லிவைத்தேன். ஒன்றை மட்டும் சொல்ல மறந்தேன். இலையில் மீதி வைப்பது விருந்தளிப்பவரை அவமதிப்பதாகும் என்று வீட்டில் கற்று வளர்ந்தவர் அவர். பெரியம்மாவோ வெறும் இலையைக் கண்டால் மனம் பொறாதவர். அவர் வழித்து உண்ண உண்ண, பெரியம்மா படைத்துக்கொண்டே இருந்தார். "போதும்" என்று அவர் நல்ல தமிழில்தான் சொன்னார். ஆனால் நம் பக்கத்தில் முதல் "போதும்" வெறும் மரியாதைச் சொல் அல்லவா! "சாமி கூச்சப்படுறாங்க தம்பி" என்று சொல்லி இன்னுமொரு கரண்டி ரசம் ஊற்றினார். மூன்றாம் சுற்றில் நான் குறுக்கிட்டு, இலையைத் தம் பக்கமாக மடிக்கச் சொல்லி அவரைக் காப்பாற்றினேன்.

அன்று வெள்ளிக்கிழமையாதலால் அந்த வீட்டில் சுத்தபோசனம். முருங்கைக்கீரை, வாழைக்காய் வறுவல், மிளகு ரசம், மோர். சுத்தபோசனம் என்றால் என்ன பொருள் என்று குருவானவர் கேட்டார். தூய்மையான உணவு என்றேன். சிறிது யோசித்துவிட்டு, "அப்படியென்றால் மற்ற நாட்களில் இவர்கள் உண்பது தூய்மையற்றதா?" என்றார்.

குழந்தைப் பருவத்திலிருந்து ஞானோபதேசத்தில் அச்சொல்லைச் சொல்லிவரும் எனக்கு, இக்கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை. ஒருசந்தி, சுத்தபோசனம் என்னும் இரு சொற்களும் திருச்சபையின் கட்டளைகளுக்கு வந்துசேருமுன் இந்நாட்டு விரதங்களில் வழங்கியவை. ஒருவேளை மட்டும் உண்பதையும் புலால் விலக்குவதையும் புண்ணியமென்று கருதிய மக்களிடையே நம் போதகர்கள் வந்து வாழ்ந்து, அவர்கள் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள்.

மாலையில் கோயில் மரநிழலில் அமர்ந்து அவ்வரலாற்றைப் பேசினோம். உரோமையில் 1577-இல் பிறந்து, 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர், பரங்கியர் என்றாலே இறைச்சி தின்று மது அருந்துவோர் என்று மக்கள் இகழ்வதைக் கண்டார். உடனே புலாலையும் மதுவையும் துறந்தார். நாளுக்கு ஒருவேளை சோறும் கீரையும் பாலுமே அவருக்கு உணவாயின. பிராமணர் ஒருவர் சமைத்தார். மாறாதிருந்தது திருப்பலி ஒன்றே. நெல் விளையும் நாட்டில் அதற்குக் கோதுமை அப்பமும் திராட்சை இரசமும் வேண்டியிருந்தன. அவர் கைக்கொண்ட வாழ்க்கை முறையைப் பற்றிச் சபைக்குள்ளேயே பெரும் வழக்கு மூண்டது. 1623-இல் பதினைந்தாம் கிரகோரியார் பாப்பரசர், பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றைப் புதுக்கிறிஸ்தவர்களுக்கு அனுமதித்தபின்னரே அது ஓய்ந்தது.

குருவானவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவர் யாருடன் உட்கார்ந்து உண்டார்?" என்று ஒரே கேள்வி கேட்டார்.

தனியாகத்தான். மதுரையிலேயே இருந்த தம் சேசுசபைச் சகோதரருடன்கூட அவர் உண்ணவில்லை. வேறு குடிலுக்குச் சென்றுவிட்டார். ஒரு வாசலைத் திறந்த அதே உணவு வேறு பல வாசல்களை அடைத்துவிட்டது. அதனை உணர்ந்தே 1640 முதல் பண்டாரசுவாமிகள் என்னும் வகையினர் ஏற்பட்டு, எளிய மக்களிடையே சென்றார்கள். அப்பொழுதும் தாழ்த்தப்பட்ட மக்களின் குடிசைக்குள் போதகர் நுழைவது அரிதாகவே இருந்தது. நோயுற்றோருக்குத் திருவருட்சாதனம் அளிக்க அவர்கள் இல்லங்களுக்கே போகவேண்டும் என்று, உரோமைத் தூதராக வந்த தூர்னோன் 1704-இல் புதுச்சேரியில் கட்டளையிட வேண்டியிருந்தது. பதினான்காம் ஆசீர்வாதப்பர் 1744-இல் அதனை மீண்டும் வற்புறுத்த வேண்டியிருந்தது. தத்துவ போதகரின் தியாகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் தனி இருக்கை, தனிக் கல்லறை என்று நம் ஆலயங்களில் புகுந்த இழுக்கிற்கு, தனி இலையும் ஒரு வித்தாயிற்று என்றே எனக்குப் படுகிறது.

என் மனம் புனித அருளானந்தரிடமே அதிகம் ஒட்டுகிறது. இலீஸ்பன் அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்த அவர், பண்டாரசுவாமியாகத் தஞ்சை நாட்டிலும் மறவர் நாட்டிலும் உழைத்தார். 1687-இல் சபை அலுவலாகப் போர்த்துக்கல் திரும்பியபோது, பழைய தோழர் அங்கே அரசராயிருந்தார். மேசையில் எதற்குக் குறை? அருளானந்தரோ அங்கும் இறைச்சியும் மீனும் மதுவும் தொடாமல் பருப்பும் கீரையும் கனியுமே உண்டு, தரையிலேயே உறங்கினார். இங்கே யாரையோ கவர்வதற்காக மேற்கொண்ட வேடமாயிருந்தால், அங்கே கலைத்திருக்கலாமே! 1690-இல் மீண்டும் வந்தவர், 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் உயிர்துறந்தார்.

அன்றிரவு அங்கேயே தங்கினோம். விடிந்ததும் பெரியம்மா காப்பி கொண்டுவர, குருவானவர் நீராகாரம் வேண்டுமென்று கேட்டுவிட்டார். முந்தைய இரவின் சோற்றில் நீரூற்றி வைத்து, காலையில் புளித்து நிற்கும் நீரை வடித்து உப்பிட்டு மோர் கலப்பதுதான் அது. பெரியம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அது வயல் வேலைக்காரங்க குடிக்கிறது சாமி. உங்களுக்குப் போய் அதைத் தரலாமா?" என்றார். என்னைப் பார்த்து, "ஏன் தம்பி, நீயாவது சொல்லக்கூடாதா?" என்றும் கடிந்துகொண்டார்.

நான் சொல்லவில்லை. சற்றுநேரத்தில் ஒரு செம்பு வந்தது. சின்ன வெங்காயம் இரண்டும் வந்தன. குருவானவர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே அமரவில்லை. கதிர் அறுத்த கூலிக்காக வந்து, திண்ணையின் கீழே பழைய சோற்றுக் கிண்ணத்தோடு குந்தியிருந்த மூதாட்டிக்கு அருகே படியில் போய் உட்கார்ந்தார். அந்த மூதாட்டி பதறி எழப்போனார், இவர் கையமர்த்தினார். பிறகு செம்பை உயர்த்தி அண்ணாந்து குடித்தார். இம்முறை ஒரு துளிதான் சிந்திற்று.

பெரியம்மா நிலைப்படியில் கைவைத்தபடி வெகுநேரம் நின்றிருந்தார். பின்பு உள்ளே போய் உப்புச் சாடியை எடுத்துவந்து இருவருக்கும் நடுவில் வைத்து, "உப்பு போதுமான்னு பாருங்க" என்றார்.